மயிலம்மாளுக்கு விழுந்த தையல் மிஷின்

சோறு கொதிக்கும் பானையின் ஆவியில் தேயிலைப் பொட்டலத்தைக் காட்டினால் அதன் லேபிள் கிழியாமல் உரிந்து வரும். அந்த ஈரக் காகிதத்தில் பசையும் தேயிலையும் கலந்து அடித்த மணம் இன்னும் என் விரல்நுனியை விட்டுப் போகவில்லை. லேபிளின் பின்னால் பெயரும் முகவரியும் எழுதி அனுப்பினால், குலுக்கலில் தையல் மிஷின் தருவதாக அந்தக் கம்பெனி அறிவித்திருந்தது. என் அக்கா சரசு தையல் வகுப்பை முடித்துவிட்டு, மிஷின் இல்லாமல் இரண்டு வருடமாகக் காத்திருந்தாள். கடலை விளைந்ததும் வாங்கலாம் என்பார் அப்பா. கடலை விளையும்போது வேறொரு செலவும் கூடவே விளையும்.

குலுக்கலில் ஜெயிக்கும் வழிகள் அம்மாவுக்கு அத்துபடி. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றாக அடியில் கிடக்கும் என்று, பாதியை ஆட்டையாம்பட்டியிலும், மீதியை அப்பாவிடம் கொடுத்துச் சேலத்திலும் தபாலில் சேர்ப்பாள். எடுக்கிற கைக்குத் தட்டுப்பட வேண்டுமென்று நடுவில் ஒரு மடிப்பு, நான்கு மூலையிலும் மஞ்சள். அஷ்டமி நவமியில் தபால்பெட்டிப் பக்கமே போகக்கூடாது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: நான் பின்பற்றிய நடைமுறைகள் பலவற்றைவிட இவை அறிவுக்குப் பொருந்தியவை.

விதிகளைப் படித்துக் காட்டும் பொறுப்பு, வகுப்பில் முதல் மாணவியான எனக்கு. ஒருவர் பெயரில் ஒரு லேபிள்தான் என்ற விதியில் சிக்கிக்கொண்டோம். கையில் ஏழு லேபிள், வீட்டில் நான்கு பேர். பக்கத்துத் தோட்டத்தார் பெயரைப் போட்டால் மிஷினும் அங்கேயே போய்விடும். காலமான பெரியவர்கள் பெயரை எழுதலாமே என்றாள் அக்கா. "செத்தவங்க பேருல சாமான் வந்தா ஊட்டுக்கு ஆகாது" என்று மறுத்த அம்மா, மாடு கட்டும் 'கட்டுத்தரை'ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மயிலை, செவலை, காரி என்று நிறத்தை வைத்து நாங்கள் கூப்பிட்ட மூன்று மாடுகளின் பெயரையும், மரியாதைக்கு ஓர் 'அம்மாள்' சேர்த்து, நானே என் கையால் எழுதினேன்.

மயிலம்மாளுக்கு விழுந்தது.

ஒரு மதியம் மைக் கட்டிய வேன் எங்கள் வாசலுக்கே வந்தது. மிஷினை இறக்கி வைத்துவிட்டு, நோட்டும் கையுமாக நின்ற மேனேஜர் மயிலம்மாள் யார் என்று கேட்டார். அம்மா அக்காவை முன்னே தள்ளி, "இவதானுங்க" என்றாள். அக்கா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு மிஷினின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினாள். மேனேஜர் சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல என் பக்கம் குனிந்து, "அக்காள எப்படிக் கூப்புடுவ சாமி, மயிலக்கான்னா?" என்றார்.

"சரசக்கான்னுதானுங்க. மயிலை எங்க மாடுங்க."

வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். "மாட்டுகிட்டக் கைநாட்டு வாங்க எங்க விதியில எடமில்லீங்களே" என்று சொல்லி, அம்மாவின் கையில் ஒரு தேயிலைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, மிஷினை வேனில் ஏற்றிக்கொண்டார். அம்மா என்னை அடிக்கவில்லை. "உன்னப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனது எந் தப்பு" என்றாள். அக்கா சொம்பை எடுத்துக்கொண்டு மயிலையிடம் பால் கறக்கப் போனாள்.

கல்யாணமாகி, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகுதான் அவள் ஒரு பழைய மிஷின் வாங்கினாள். அதற்குள் கற்றதில் பாதி கைவிட்டுப் போயிருந்தது. நானோ, பத்திரத்தில் உள்ள பெயருக்குரியவர் நீங்கள்தானா என்று கேட்டே காலமெல்லாம் சம்பளம் வாங்கினேன்.

கட்டுத்தரை இருந்த இடத்தில் இப்போது தறிக்கூடம். தேயிலை, ஆவிக்கு அசையாத பிளாஸ்டிக் பையில் வருகிறது. பரிசு, கேட்காதவர்களுக்கும் தினமும் கைப்பேசியில் விழுகிறது. வங்கிக் கணக்கு எண்ணைச் சொன்னால் போதுமாம்.

போன தீபாவளிக்குச் சேலத்துத் துணிக்கடையில் மூன்று கூப்பன் கொடுத்தார்கள். ஒருவருக்கு ஒன்றுதான் என்று அதிலும் அச்சடித்திருந்தது. கண் மங்கிய அக்காவுக்காக நான்தான் எழுதினேன். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

"மயிலம்மாள்னு எழுது" என்றாள். "உன்ற நம்பரையே போடு. போன் வந்தா மட்டும் வாயத் தொறக்காத, சாமி."

எழுதினேன். நடுவில் ஒரு மடிப்பு மடித்துப் பெட்டியில் போட்டேன்.