கேக் திரும்பி வந்தால் அடுப்படி இல்லை

கேக் வேக முக்கால் மணி நேரம் போதும். "வெந்துட்டா, வெந்துட்டா" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லத்தான் ஒரு நாள் பூராவும் வேண்டும். வீட்டு அடுப்பை நம்பி ஆர்டர் பிடித்துவிட்டு முழிக்கிற என் இனத்தாரே, இது உங்களுக்காக எழுதுவது.

இடைசெவலில் டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவன் நான். முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததும், வீட்டில் கேக் சுட்டு விற்க ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரி கோமதி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "நீங்க சுட்ட கேக்கு ஒண்ணே ஒண்ணு திரும்பி இந்த வாசப்படி ஏறட்டும், அன்னைக்கோட அடுப்படிப் பக்கம் நீங்க வரக்கூடாது." சொன்னால் சொன்னதுதான். கல்யாணமான புதிதில் ஒரு கடைக்காரன் சொத்தைக் கத்தரிக்காய் கொடுத்தான் என்று, இன்றுவரை அந்தத் தெருவழியே அவள் நடப்பதில்லை. அடுப்படி போனால் எனக்குப் போக்கிடம் டீக்கடை பெஞ்சுதான். அங்கே இருக்கிற கிழவன்கள் எல்லாரும் என்னைவிடப் பெரிய புளுகர்கள். எனக்குப் பேச வாய்ப்பே கிடைக்காது.

குளத்தூர் உப்பு

என்னிடம் ஓவன் கிடையாது. இரும்புச் சட்டியில் நாலு படி கல்லுப்பைக் கொட்டிச் சூடாக்கி, அதன்மேல் கேக் பாத்திரத்தை இறக்கி மூடிவிட வேண்டியதுதான். குளத்தூரிலிருந்து கோமதியின் தம்பி கொண்டுவந்து கொடுத்த உப்பு. அதையே திரும்பத் திரும்பச் சூடாக்கினதில், ஆறு மாதத்தில் உப்பு முழுக்க ஏலக்காயும் கருப்பட்டியும் மணக்க ஆரம்பித்துவிட்டது. உப்பை எறும்பு மொய்த்ததை உலகத்திலேயே முதலில் பார்த்தவன் நான்தான்.

ஒருநாள் வீட்டு உப்பு தீர்ந்துபோக, கோமதி அவசரத்துக்கு அதில் ஒரு கை அள்ளி ரசத்தில் போட்டுவிட்டாள். அன்றைக்குக் கேக் வாங்க வந்திருந்த அதே தம்பி, சாப்பாட்டுக்கும் உட்கார்ந்தான். இரண்டு டம்ளர் ரசம் குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான்: "பாயாசம் அருமை அத்தான். ஆனா எதுக்கு மிளகு தட்டிப் போட்டிய?"

இருக்கிறதை வைத்து

மேலத்தெரு சீனியம்மா ஒரு மத்தியானம் வந்து, சாயங்காலத்துக்குள் வெண்ணெய் கேக் வேண்டும் என்றாள். வெண்ணெய் இல்லை, கடலெண்ணெய் இருந்தது. மைதா இல்லை; கம்பு மாவும் கொஞ்சம் கோதுமை மாவும் இருந்தன. சீனிக்குக் கருப்பட்டிப் பாகு, முட்டைக்குப் பதில் புளித்த மோரும் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடாவும். இட்லி மாவுப் பதத்துக்குக் கலக்கி ஊற்றினேன். அவ்வளவுதான், இதற்கு மேல் ரகசியம் ஒன்றும் கிடையாது.

சாயங்காலம் வந்தவளிடம் மாறினதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். சீனியம்மா விரலை மடக்கி மடக்கிக் கேட்டாள். "அப்பம் நான் கேட்டதுல என்னதான் அண்ணாச்சி மிச்சம்?" என்றாள். "பேரு இருக்கு தாயி" என்றேன். ஓரத்தில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டவள் இன்னொரு துண்டும் பிய்த்தாள். அப்புறம் சொன்னாள்: "பேரை நீங்களே வச்சுக்கிடுங்க. கேக்கைக் கட்டிக் கொடுங்க."

பள்ளம்

மெக்கானிக்குக்குக் கண்தான் அளவுக் கரண்டி. ஒருநாள் அந்தக் கண் ஏமாற்றிவிட்டது, சோடா மூன்று மடங்கு விழுந்துவிட்டது. கேக் பொங்கி மூடியைத் தள்ள, மூடிமேல் பாரத்துக்கு வைத்திருந்த அம்மிக் குழவி உருண்டு, கொல்லையில் கோழிக்கூட்டுக்குள் போய் நின்றது. கோழி அதை மூன்று நாள் அடைகாத்தது. நம்பாதவர்கள் கோழியைக் கேட்டுக்கொள்ளலாம்.

பொங்கின கேக், சட்டியைத் திறந்ததும் நடுவில் கிணறு மாதிரி இறங்கிவிட்டது. இது திரும்பி வராமல் வேறு எந்தக் கேக் திரும்பி வரும்? வறுத்த நிலக்கடலையைப் பாகில் புரட்டிக் குழியை மூடி, வேண்டுமென்றே அப்படிச் செய்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கேக் கேட்டிருந்த எதிர்வீட்டு உரக்கடைக்காரரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் அவரே வந்தார்: "அதே கேக்கு இன்னொண்ணு போடுங்க அண்ணாச்சி. பள்ளத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டுங்க."

நாகலாபுரத்துத் தூக்குச்சட்டி

நாகலாபுரம் வேலுச்சாமிக்குத் தூக்குச்சட்டியில் கேக் சுட்டேன். அடியில் மாவு தடவ மறந்ததால், கவிழ்த்தால் விழவில்லை, தட்டினால் விழவில்லை. அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "சட்டியோட கொண்டுபோய்க் கரண்டியால தோண்டிச் சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் மோட்டார் சைக்கிளில் வந்து, வாசலில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்த கோமதியிடம் சட்டியை நீட்டினார். அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே கேக். கையகலத் துண்டு. என் பக்கம் திரும்பி, "வந்துட்டு" என்றாள்.

எனக்கு டீக்கடை பெஞ்சு கண்முன் வந்துவிட்டது. தோளில் கிடந்த கைப்பிடித் துணியை எடுத்து அவளிடம் நீட்டினேன். வேலுச்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன மதினி, தப்பா? சட்டியை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதுல்லா? வீட்டுல வேற பலகாரம் ஒண்ணும் இல்ல. எங்கம்மாதான், தனக்கு எடுத்து வச்சிருந்த துண்டை அதுல வச்சு அனுப்பிச்சாவ" என்றார்.

இத்தனை மாதமாக என் கேக்கில் ஒரு பொடிகூடக் கோமதி வாயில் போட்டதில்லை. அன்றைக்குப் போட்டாள். நின்றபடியே முழுத்துண்டையும் தின்று முடித்தாள். துணியை என் தோளிலேயே திருப்பிப் போட்டாள். "வந்தது சட்டிதான்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என்னிடம் சொன்னாள்: "நாளையிலருந்து மாவு நான் தடவுதேன். நீங்க தள்ளி நில்லுங்க."

அடுப்படி தப்பித்தது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்து பார்த்தால், அதில் எனக்கு மிச்சமிருந்த உத்தியோகம் உப்பைச் சூடாக்குவது ஒன்றுதான்.