மண்ணெண்ணெய் வாசம் போன காப்பி

காப்பிக்கடை வைத்தவனுக்கு முதலில் மூக்கு அடைத்துப்போகும், அப்புறம் நாக்கு மரத்துப்போகும், கடைசியில் தான் ஊற்றிக் கொடுப்பதெல்லாம் காப்பிதான் என்று அவனே நம்ப ஆரம்பித்துவிடுவான். நாகூரிலிருந்து கப்பலேறி வந்து, சிராங்கூன் ரோட்டில் மாட்டுக் கொட்டகைகளுக்கு எதிரே கடை போட்டிருந்த நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். கடை போட்ட மகராசன்களே, உங்களுக்குத் தெரியாத கதையா?

துரையின் மூக்கு

ஒருநாள் சுகாதார அதிகாரி, ஒரு வெள்ளைக்காரர், கடைக்குள் வந்து நின்றார். அவர் பேச்சைத் தமிழில் சொல்ல அந்தோணி கூட வந்திருந்தார். அந்தோணி தினமும் காலையில் என் காப்பியில்தான் கண் விழிக்கிறவர். அன்றைக்கு மட்டும் என்னை முன்னேபின்னே பார்த்தறியாதவர் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரை குவளையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். போன வேகத்தில் கீழே வைத்தார். பிறகு முகம் சிவக்க நீளமாக ஏதோ பேசினார். அந்தோணி சுருக்கமாகச் சொன்னார்: அடுத்த வாரம் திரும்ப வருவார், காப்பியில் காப்பியைத் தவிர வேறு எந்தக் கண்றாவியும் இருக்கக்கூடாது, இருந்தால் லைசென்சைப் பிடுங்கிவிடுவார். நாகூரில் என் பெண்டாட்டி பிள்ளைகள் சாப்பிடுவது இந்தக் கடையை நம்பித்தானே! “அவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா?” என்று கேட்டேன்.

“மிச்சமெல்லாம் திட்டுலா பாய். அதைத் தமிழ்ல சொன்னா நாளைக்கு எனக்குக் காப்பி கிடைக்காது.”

தகரம்

நான் வெந்நீர் போட்டது மண்ணெண்ணெய்த் தகரத்தில். இந்த ஊரில் அது இல்லாத வீடு ஏது? மூடியை வெட்டி எடுத்துவிட்டால் தண்ணீர் தூக்க அதுதான், அரிசி கொட்டி வைக்க அதுதான், பிள்ளையைக் குளிப்பாட்டவும் அதுதான். புளியும் சாம்பலும் போட்டுக் கை தேயத் தேய்த்தேன். வாசம் போவேனா என்றது. சனியன் தொலையட்டும் என்று தெருவில் வைத்தேன். பக்கத்து வீட்டுச் சலவைக்காரர் முனியன், கஞ்சி காய்ச்ச ஆகும் என்று தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் கடன்வாங்கிய பானையில் காப்பி போட்டேன். மாட்டுவண்டி ஓட்டும் வீரப்பன், என் பழைய வாடிக்கை, ஒரு மடக்கு குடித்தார். முகம் கோணிக்கொண்டது.

“என்ன பாய், முன்னெல்லாம் ஒரு வாய் குடிச்சா நெஞ்சுக்குள்ளே குப்புன்னு விளக்கு ஏத்தின மாதிரி இருக்கும். எண்ணெயைக் குறைச்சுட்டீங்களா?”

அண்டா

பழைய பித்தளை அண்டா ஒன்று வாங்கினேன். உள்ளே பார்த்தால் பச்சைப்பசேல் என்று களிம்பு. அதில் காப்பி போட்டால் துரை லைசென்சைப் பிடுங்குமுன் வாடிக்கைக்காரர் உயிரே போய்விடும். ஈயம் பூசுகிறவரைக் கூப்பிட்டேன். அவர் அண்டாவைச் சுட்டு, ஈயம் பிடிக்க நவச்சாரத்தைத் தூவினார் பாருங்கள், எழுந்தது ஒரு புகை! குடித்துக்கொண்டிருந்தவர்கள் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினார்கள்.

ஆனால் வேலை சுத்தம். அண்டாவின் உட்பக்கம் பளபளவென்று மின்னியது. வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டு, பெருமை தாங்காமல் வீரப்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் உடனே நிமிர்ந்தார்.

“உள்ளே என் மூஞ்சி தெரியுது பாய். அதைப் பாத்துக்கிட்டு எவன் காப்பி குடிப்பான்?”

வடிதுணி

அடுத்து, காப்பி வடிக்கிற துணிப்பை. அது என்றைக்கோ வெள்ளையாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் சத்தியம் கேட்பீர்கள். “அதிகாரி வர்றார், நல்லா வெளுத்துக் கொடுங்க” என்று முனியனிடம் கொடுத்தேன். மனிதர் சோடா போட்டு, சவுக்காரம் போட்டு, நீலம் போட்டு, கஞ்சியும் போட்டு, இஸ்திரியும் தேய்த்துக் கொண்டுவந்தார். பை தொப்பி மாதிரி தானாக நின்றது. காப்பியை ஊற்றினால் சொட்டு இறங்கவில்லை. மேலே நுரைதான் பொங்கியது. “அடப்பாவி மனுசா, காப்பிப் பைக்குக் கஞ்சி போடுவாங்களா?” என்று கத்தினேன்.

“அதிகாரி வர்றார்னு நீங்கதானே சொன்னீங்க? அவர் முன்னாடி விறைப்பா நிக்க வேணாமா?”

துரை வந்தார்

புதுத்துணி வாங்கி வெறும் தண்ணீரில் அலசினேன். புளியங்கொட்டைக் கரி கலந்த கடைத்தூளை நிறுத்திவிட்டு, காப்பிக்கொட்டை வாங்கி, கருகாமல் நானே வறுத்தேன். துரை வந்தார். மோந்தார். குடித்தார். இன்னொரு குவளை கேட்டு வாங்கிக் குடித்தார்! சுத்தமான காப்பி, லைசென்சு உனக்குத்தான் என்று அந்தோணி வாயால் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் கடையில் எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. வீரப்பனைக்கூடக் காணோம். “எங்கேங்க நம்ம ஆளுங்க?” என்றேன். அந்தோணி தன் குவளையைத் தொடாமலே என் பக்கம் தள்ளினார்.

“முனியன் உங்க தகரத்துல வெந்நீர் போட்டு, பின்சந்துல காப்பி விக்கிறார் பாய். எல்லாரும் அங்கதான். துரையை அனுப்பிட்டு நானும் அங்கதான் போறேன்.”

காப்பியில் இருந்த வேண்டாததையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே போட்டேன். வாடிக்கைக்காரர்களும் அதன் பின்னாலேயே எழுந்து போய்விட்டார்கள்.