மாமா வர்றாரு

என் சித்தி கடலோரக் காவல் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். கடலில் சந்தேகப்படும்படி ஏதாவது காதில் விழுந்தால் நம் நாடும் அண்டை நாடுகளும் உடனே ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்ளும். வயர்லெஸ்ஸில் நம் படகுக்காரர்கள் பேசுவதைப் பக்கத்து நாட்டு மொழியில் எழுதி அனுப்புவது அவருடைய வேலை. ஜன்னல் இல்லாத அறை, பஞ்சு பிய்ந்த ஹெட்போன், ஏசிக் குளிருக்கு ஒரு சால்வை.

போன வருடம் ஒரு படகிலிருந்து வந்த பேச்சு இது: "டேய், மாமா வர்றாரு. சரக்கை உள்ள வை."

சித்தி சொல்லுக்குச் சொல் மாற்றி அனுப்பினார். அந்த நாட்டு ரோந்துக் கப்பல் படகை மடக்கி நான்கு பேரைப் பிடித்துப் போனது. இது கடத்தல், 'மாமா' அவர்களுடைய தலைவன் என்று அங்கே முடிவு கட்டினார்கள். சித்திக்குப் பாராட்டு வந்தது.

அன்று மாலை அவரை ஸ்கூட்டரில் அழைத்து வந்தேன். சிக்னலுக்கு அப்பால் போலீஸ்காரர் நின்றார்.

"சித்தி, மாமா நிக்கிறாரு. ஹெல்மெட்டை மாட்டுங்க."

சித்தி என் தோளைப் பிடித்தார். "வண்டியைத் திருப்பு" என்றார்.

"எதுக்கு? ஹெல்மெட் மடியிலதானே இருக்கு?"

"திருப்புன்னு சொல்றேன்ல."

அலுவலகத்துக்குப் போய் ஒலிப்பதிவை மறுபடி கேட்டாராம். இரைச்சல் என்று நினைத்தது சிரிப்பு. மாமா என்றால் ரோந்துக் கப்பல். சரக்கு என்றால் சாராய பாட்டில்.

மேலதிகாரி தயங்கினார். "ஏம்மா, காலையில பாராட்டு, சாயங்காலம் தப்புன்னா, இனி நாம சொல்றதை அவங்க நம்புவாங்களா? விசாரிச்சுட்டு அவங்களே விட்டுடுவாங்க."

"விடலைன்னா, சார்?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "சரி. ஆனா உங்க பேர்லதான் போகும்."

"போகட்டும்."

திருத்தம் போய்ச் சேர்ந்து, அவர்கள் விடுதலையாக இரண்டு வாரம் ஆனது. அதற்குள் அவர்களில் ஒருவரின் அப்பா இறந்து, அடக்கமும் முடிந்திருந்தது. சித்தி அந்தப் படகுக்காரர் வீட்டுக்குப் போனார். நானும் போனேன்.

"விளையாட்டாப் பேசினோம்கா," என்றார் அவர். "எவனோ மாத்தி எழுதிட்டான்."

"எவனோ இல்லப்பா. நான்தான்."

அவர் சித்தியையே பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பினோம்.

சித்தி இன்னும் அதே அறையில்தான் வேலை செய்கிறார். சந்தேகமான சொல் வந்தால், அதற்கு வேறு பொருளும் உண்டு என்று கீழே எழுதுகிறார். மேலதிகாரி சுருக்கச் சொல்கிறார். சித்தி சுருக்குவதில்லை.