தகப்பன் பேர் கேட்ட மெஷின்

நார்த்தாமலையில் கல் உடைக்கும் இன்னாசிக்கு மூன்று பெண்கள். மூத்தவளை ஜெகதாப்பட்டினத்தில் கொடுத்தார், நடுவுள்ளவளை இலுப்பூரில். கடைக்குட்டி அன்புமொழியை மட்டும் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். அவளுக்கும் கல்யாணமாகி இரண்டு வருசம். புருசன் பிராங்க்ளின் துபாயில். இவளுக்குப் புதுக்கோட்டையிலேயே வேலை.

என்ன வேலை என்று யாராவது கேட்டுவிட்டால் இன்னாசிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். பழைய மெஷினையும் புது மெஷினையும் சம்பந்தி ஆக்குகிற வேலை என்பார். அது சரியான பேச்சுத்தான். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அதற்கு ஊருக்கு ஊர் கிளை. நாற்பது வருசமாக வந்துபோன நோயாளிகளின் விவரமெல்லாம் சென்னையில் பீரோ கணக்காக நிற்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. மெயின்பிரேம் என்பார்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. கிளைகளின் மேசையில் இருக்கும் புதுக் கம்ப்யூட்டருக்கு அதன் பேச்சு புரியாது. இது கேட்பதை அதற்குச் சொல்லி, அது சொல்வதை இதற்கு வாங்கித் தருகிற புரோகிராமை அன்புமொழி எட்டு மாதம் உட்கார்ந்து எழுதியிருந்தாள்.

அதைச் சோதிக்கும் நாளில் புதுக்கோட்டைக் கிளைக்குப் பழைய நோயாளிகள் அறுபது பேரை வரச் சொல்லியிருந்தார்கள். முடிவு சொல்ல வேண்டிய ரகுநாத் சார் சென்னையிலிருந்து வந்திருந்தார். சாயங்காலத்துக்குள் அறுபது பேரின் விவரமும் திரைக்கு வராவிட்டால், பழைய மெஷினை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் புது அட்டை போடுவது என்று பேச்சு. எந்த உடம்புக்கு எந்த மருந்து ஆகாது என்ற நாற்பது வருச விவரமும் அத்தோடு போய்விடும்.

மத்தியானத்துக்குள் நாற்பத்தொன்பது பேருடைய விவரம் வந்துவிட்டது. மீதிப் பதினோரு பேரைக் கேட்டால், அப்படி யாருமே இல்லை என்றது மெஷின். அதில் ஒருத்தி முத்துமாரியம்மாள். பழைய அட்டையைக் கேட்டதற்குக் கரையான் தின்றுவிட்டது என்றாள்.

"முப்பது வருசமா வாரேன். முழுசா முன்னால நிக்கிறேன், இல்லைங்குதாமே ஒங்க டப்பா?"

பழைய மெஷினில் குப்பைதான் மிச்சம், விட்டுவிடலாம் என்றார் ரகுநாத். அன்புமொழி பதினோரு பெயரையும் ஒரு தாளில் எழுதினாள். பதினொன்றும் பெண்கள். அக்காமார் ஞாபகம் வந்தது. கல்யாணம் ஆனதும் இரண்டு பேருக்குமே பெயருக்கு முன்னால் இருந்த அப்பன் எழுத்து போய், புருசன் எழுத்து வந்தது. இவள் மட்டும் அப்பன் எழுத்தையே வைத்துக்கொண்டவள். அதனாலேயே இது தோன்றாமல் போய்விட்டது. ஆதாரில் இருக்கிற இனிஷியலோடு அப்படியே பொருந்தினால்தான் ஆளைக் காட்டு என்று புரோகிராமில் எழுதி வைத்தவளும் அவள்தான்.

"ஆத்தா, மொதத் தடவ வந்தப்ப ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"எங்கிட்டு? கால்ல முள்ளு ஏறிச் சீழ் வச்சு, எங்கப்பாதான் தோள்ல போட்டுத் தூக்கியாந்தாரு."

"அவரு பேரு?"

"ஐயனார்."

அன்புமொழி கறுப்புத் திரையைத் திறந்து தன் கையாலேயே தட்டினாள். ஐ. முத்துமாரியம்மாள். பிறந்த தேதியும் ஒத்துப்போனது. கீழே பச்சை எழுத்தில் ஒரு வரி: பென்சிலின் ஊசி போட்டதும் மூச்சுத்திணறல், இனிக் கூடாது.

ரகுநாத் குனிந்து அதை இரண்டு தடவை படித்தார்.

"தப்பு மெஷின்ல இல்ல சார். நான் எழுதுனதுல இருக்கு. ரெண்டு மணி நேரம் குடுங்க."

மேலதிகாரி முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? இன்னாசி மகளுக்கு வந்தது. சாப்பிடக்கூடப் போகாமல், பெண்ணொருத்தியின் விவரம் கிடைக்காவிட்டால் தகப்பன் பெயரைக் கேட்டுத் தேடும்படி மாற்றி எழுதினாள். நாலு மணிக்குப் பதினோரு பேரும் வரிசையாகத் திரைக்கு வந்தார்கள். ரகுநாத் சென்னைக்குப் போன் போட்டு, பழைய மெஷின் ஓடட்டும், இந்தக் கேள்வியை எல்லாக் கிளைக்கும் அனுப்புங்கள் என்றார்.

முத்துமாரியம்மாள் தன் விவரத்தாளை வாங்கி மடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாருட்டயும் அப்பன் பேரக் கேட்டியே, நீ யாரு மக?"

அன்புமொழி கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். இ. அன்புமொழி என்று இருந்தது.

"நார்த்தாமலை இன்னாசி மகளுங்க."