எங்களுக்கு வந்த 10.6

பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் முதலாண்டு சேர்ந்தபோது, ஆய்வகத்தில் எங்களுக்கு முதலில் காட்டப்பட்டது கருவிகள் அல்ல, போன வருஷத்து மாணவி ஒருத்தியின் ரெக்கார்டு நோட்டு. அதைப் பார்த்து எழுதச் சொன்னவர் ஆய்வகப் பேராசிரியரேதான்.

ஒரு மேசைக்கு இரண்டு பேர். என் மேசைக்காரி அழகர்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அவள் அம்மாவும் அப்பாவும் வயல் கூலிக்குப் போகிறவர்கள். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்.

அன்று தனி ஊசல் சோதனை. நூலில் கட்டிய குண்டை ஆடவிட்டு, இருபது ஆட்டத்துக்கு எத்தனை வினாடி என்று குறித்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். 9.8 வர வேண்டும். எங்களுக்கு 10.6 வந்தது. எண்ணிக்கையில் தப்பு என்றேன் நான். அவள் மறுபடி எண்ணினாள், நூலை மறுபடி அளந்தாள். மூன்று தடவையும் அதேதான். கடைசியில் ஸ்டாப்வாட்சைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஐந்து நிமிஷத்தில் அது பன்னிரண்டு வினாடி பின்தங்கியிருந்தது.

“நம்ம மேல தப்பு இல்லடி. வாட்ச்தான் மெதுவா ஓடுது” என்றாள்.

அந்த வருஷம் முழுக்க நான் இயற்பியல் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்தது அந்த ஒரு நிமிஷம்தான். ஓடிப்போய்ப் பேராசிரியரிடம் சொன்னோம். அவர் வாட்சைக் கையில்கூட வாங்கவில்லை.

“ஏம்மா, எக்ஸ்டர்னல் வந்து 10.6-அப் பாத்தா என்னையத்தான கேப்பாரு? 9.8 வர்ற மாதிரி ரீடிங்க மாத்தி எழுதுங்க.”

நான் அந்தப் பழைய நோட்டைப் பார்த்து மாற்றினேன். அவள் 10.6 என்றே எழுதி, வாட்சின் கோளாறையும், அதைச் சரிசெய்து கணக்கிட்டால் 9.8 வருவதையும் கீழே விளக்கியிருந்தாள். எனக்கு முழு மதிப்பெண். அவள் எழுதிய பக்கத்தில் சிவப்பு மையில் ‘தவறு’.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எல்லா ரெக்கார்டையும் புரட்டினார். அவளைத் தவிர வகுப்பு முழுவதற்கும் புள்ளிக்குப் பின்னால் இரண்டாம் இலக்கம்வரை ஒரே ரீடிங். அது அவரை உறுத்தவில்லை. உனக்கு மட்டும் ஏன் சரியாக வரவில்லை என்று அவளைத்தான் கேட்டார். அவள் வாட்ச் விஷயத்தைச் சொன்னாள். பக்கத்திலேயே நின்ற எங்கள் பேராசிரியர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குத் தேறும் அளவுக்கு மட்டும் மதிப்பெண் வந்தது.

அவள் அழவில்லை. கோபம் எனக்குத்தான், அதில் பாதி என் மேலேயே. யார் சொல்லி நான் ரீடிங்கை மாற்றினேன் என்று கல்லூரி முதல்வருக்கு எழுதினேன். வகுப்பில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல்வர் கூப்பிட்டு, இதனால் உன் மதிப்பெண்ணே போய்விடும், தெரியுமா என்றார்.

“போகட்டும் சார். அது நான் எடுத்தது இல்ல” என்றேன்.

போகவில்லை. அடுத்த பருவத்தில் புது டிஜிட்டல் வாட்ச்கள் வந்தன. அவளுக்கு ஒரு மதிப்பெண்ணும் கூடவில்லை, எனக்கு ஒன்றும் குறையவில்லை. வாட்ச் மாறிவிட்டதே, விடு என்றாள் அவள்.

போன வருஷம் வேலைக்கான நேர்காணலில் ஒருவர் என் செய்முறை மதிப்பெண்ணைப் பார்த்துப் பாராட்டினார். நடந்ததைச் சொன்னேன். எல்லா காலேஜிலும் அப்படித்தானேம்மா என்று சிரித்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார்.