மாசி மகத்து மைக்கும் சவரி அண்ணன் வெறுங்கையும்

பாம்பு சவரி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் குருசுக்குப்பத்தில் ஒரு கல்யாண வீட்டு மொட்டை மாடியில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே சைக்கிளில் வந்தவர் காலை ஊன்றி நின்றபடியே சொன்னார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: எந்தப் பாம்பு கடித்தது?

எந்தப் பாம்பும் கடிக்கவில்லை. சவரிமுத்து அண்ணன் ஆஸ்துமாவில் போனார். காலைக் கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவர் அப்படியே அடங்கிவிட்டார். ஆனால் உழவர்கரையில் இருந்த அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேருவதற்குள் வழியில் மூன்று பேரிடம் ராஜநாகம் என்று சொல்லிவிட்டேன். அதுவும் சாதாரண ராஜநாகம் இல்லை, தூண் கனம் இருக்கும் என்றேன். அத்தனை பெரிய மனிதன் இருமிச் செத்தான் என்று சொல்ல என் வாய்க்கு வரவில்லை. நாலாவதாகக் கேட்டவர் அவர் மருமகன். "மாமா, நீங்க கூடவா?" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டேன். அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதும்போது அந்த மருமகன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

அவரை மேடை ஏற்றியவன் நான். இதில் மிகை எதுவும் இல்லை. நான் படித்தது ஏழாவது வரை. ஆனால் மைக்கைப் பிடித்தால் நோணாங்குப்பத்துப் படகுக்காரர்கள் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். எழுபதுகளில் என் ஒலிபெருக்கி செட் இல்லாமல் புதுவையில் கல்யாணமும் இல்லை, கட்சிக் கூட்டமும் இல்லை. சவரி அண்ணன் அப்போது ஒரு மில்லின் பஞ்சுக் கிடங்கில் வேலை பார்த்தார். எலியைத் தேடிப் பஞ்சுப் பொதிகளுக்கு இடையில் நல்ல பாம்பு வந்துவிடும். இவர் சட்டைக் கையைக்கூட மடித்துக்கொள்ள மாட்டார். குனிந்து, தரையில் விழுந்த துண்டை எடுப்பது மாதிரி எடுத்து, மதிலுக்கு அப்பால் கொண்டுபோய் விடுவார். மில் ஆயுத பூஜைக்குப் பாட்டுப் போடப் போன இடத்தில் அதைப் பார்த்தேன். இந்தக் கையை நாலு பேர் பார்க்க வேண்டாமா என்று அன்றைக்கே அவரை வளைத்துவிட்டேன்.

அதன் பிறகு ஏழெட்டு வருஷம் கோயில் திருவிழா, மாதா கோயில் கொடியேற்றம் என்று ஒன்று விடவில்லை. மூன்றடிப் பாம்பை நான் மைக்கில் பன்னிரண்டடி ஆக்குவேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து மூன்று விரலைக் காட்டுவார். கூட்டம் சிரிக்கும். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரும் ஒரு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், எழுந்து நின்று "பிராவோ" என்பார். வியட்நாம் சைகோனில்கூட இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை என்று அவர் என்னிடம் சொன்னார். அவர் சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் சொல்லியிருப்பேன்.

மற்ற பாம்பாட்டிகள் பல்லைப் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்கினால் வாய் புண்ணாகி, இரை எடுக்க முடியாமல் அது கொஞ்ச நாளில் செத்துப்போகும். சவரி அண்ணன் அதற்கு ஒப்பவே இல்லை. அவர் கொண்டுவருவது பல்லும் விஷமும் உள்ள பாம்பு, ஆட்டம் முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார். எனக்கு அதில் பெரிய பெருமை. மைக்கில் முதலில் அதைத்தான் சொல்வேன். ஊரை ஏமாற்றாத ஒரே ஆட்டம் நம்முடையதுதான் என்று நான் நிஜமாகவே நம்பியிருந்தேன்.

இனி வருவதை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மகம். சாமிகள் எல்லாம் கடற்கரைக்கு வந்து நிற்கிற நாள், கால் வைக்க இடமில்லாத கூட்டம். பானைக்குள் இருந்த பாம்பு அன்றைக்கு வெளியே வரவில்லை. சூட்டுக்குச் சுருண்டு கிடந்தது. சவரி அண்ணன் அதை அவசரப்படுத்த மாட்டார், பானைப் பக்கத்தில் குந்திக்கொண்டு காத்திருந்தார். மைக் பிடிக்கிறவனுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான்: குழாய் சும்மா இருக்கக் கூடாது. சும்மா இருந்தால் கூட்டம் கலைந்துவிடும். அதனால் பேசினேன். இருந்த சரக்கெல்லாம் தீர்ந்த பிறகும் பேசினேன். அப்போது என் வாயில் வந்தது இது: "இதுல மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. தைரியம் இருந்தா யாரு வேணும்னாலும் புடிக்கலாம்." எதிரே கரையோர வீட்டுச் சுவரில் பட்டு அந்தப் பேச்சு எனக்கே ஒரு தரம் திரும்பி வந்தது. நன்றாக இருக்கிறதே என்று இன்னொரு முறையும் சொன்னேன். பாம்பு வந்தது, அவர் எடுத்தார், கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நாலாம் நாள் உழவர்கரையில் கலியபெருமாள் என்ற மில் தொழிலாளியின் வீட்டு விறகு அடுக்கில் நல்ல பாம்பு வந்தது. தெருவே கூடி நின்றது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, வெறுங்கையை விட்டார். பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ரிக்‌ஷாவில் உயிர் போய்விட்டது.

சவரி அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு துக்கத்துக்குப் போனார். கலியபெருமாளின் மனைவி அஞ்சலை அழவில்லை. எங்கள் இருவரையும் ஏறிட்டுப் பார்த்துக் கேட்டது: "தைரியம் இருந்தா யாரு வேணும்னாலும் புடிக்கலாம்னு சொன்னது யாரு? அத நம்பித்தான் கைய உட்டாரு."

ஊருக்கெல்லாம் கேட்கும் வாய் அந்த ஒரு வாசலில் திறக்கவில்லை. சவரி அண்ணன் ஒரு அடி முன்னால் போய், "நாந்தாம்மா சொன்னேன்" என்றார்.

திரும்பி வரும் வழியில், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "வாய் ஒன்னுது, கை என்னுது. என் கைய பாக்காம இருந்தா ஒன் பேச்ச எவன்டா நம்புவான்? பல்ல புடுங்குனா பாம்புக்குப் பண்ற பாவம்னு நெனச்சேன். புடுங்காம கையில எடுத்தா பாக்குறவனுக்குப் பண்ற பாவம்னு தெரியாமப் போச்சி."

அடுத்த திருவிழாவில் அவர் கொக்கி வைத்த கம்போடும் சாக்கோடும் வந்தார். மைக்கையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பாம்பைக் கண்டால் ஒதுங்கி நில்லுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள், கையை வைக்காதீர்கள் என்று கரகரத்த குரலில் சொல்லிவிட்டு, கம்பால் தூக்கிக் காட்டி, சாக்கில் போட்டுக் கட்டினார். "யோவ் சவரி, கைய மில்லுலயே அடமானம் வச்சிட்டியா?" என்று ஒருவன் கத்தினான். சொல்தா நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு சவரி அண்ணனை யாரும் ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை. எனக்கும் அவர் மேல் கோபம். நான் கட்டிய கோபுரத்தை அவரே இடித்துவிட்டார் என்று ஆறு மாதம் முகம் கொடுக்கவில்லை.

அதன் பிறகான அவரைத்தான் உங்களில் பலருக்குத் தெரியும். வீட்டில் பாம்பு என்றால் எந்த நேரமும் சைக்கிளில் வந்துவிடுவார். ஆனால் ஒரு நிபந்தனை போடுவார்: யாரும் பார்க்கக் கூடாது. வீட்டுக்காரர் முதல் வேடிக்கைக்கு வந்தவர் வரை எல்லோரும் தெருவுக்குப் போய் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஒருவர் தலையைத் திருப்பினாலும் கம்பைக் கீழே வைத்துவிடுவார். "பாத்தா கத்துக்குவீங்க, போங்க" என்பார். மாதா கோயில் தெருவில் முப்பது பேர் சுவரைப் பார்த்து நின்றதை நான் கண்ணால் கண்டேன். முப்பது பேர்தான், எண்ணினேன். அவர்களோடு நானும் திரும்பி நின்றேன். உள்ளே கம்பு தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு மேல் என் பழைய குரல் கேட்டது. இப்போதும் எங்காவது குழாய் அலறினால், யார் பேசினாலும், நடுவில் அது கேட்கிறது. அதனால் நான் செட் மட்டும் கட்டித் தருகிறேன். மைக்கில் பேச வேறு ஆள்.

கல்லறைத் தோட்டத்தில் குழி மூடின பிறகு அஞ்சலையைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. ஒரு பிடி மண் போட்டுவிட்டுத் தனியாக நின்றுகொண்டிருந்தது. இனி என்னை மறைத்து நிற்க ஆள் இல்லை என்று தோன்றியது. கிட்டே போய், "அம்மா, அன்னைக்கு மைக்ல அப்படிச் சொன்னது அவரு இல்ல, நான்" என்றேன்.

"தெரியும்" என்றது. "நானும் எங்க வூட்டுக்காரரோட கடக்கரையிலதான் குந்தி இருந்தேன். ஒன் கொரலு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் அவரைக் கேட்டீங்க?"

"அவர எங்க கேட்டேன்? ஒன்னத்தான் கேட்டேன். அவரு பதில் சொல்லிட்டாரு." முந்தானையால் கையில் இருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

நண்பர்களே, அவருடைய கம்பை மருமகன் வைத்திருக்கிறார். சைக்கிளை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த வாசலில் சொன்ன பதில் ஒன்றுதான். பத்து வருஷம் அதை என் இடத்தில் நின்று அவர் சுமந்தார். இன்றைக்கு அதை நான் வாங்கிக்கொள்கிறேன். நான்தான் சொன்னேன்.