அப்பாகிட்டத் தர்றேன்

எங்கள் வீட்டில் என் அக்காவுக்கு ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று பெயர். வைத்தவள் நான்தான். சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ காதில் வாங்கிக்கொண்டு தன்பாட்டுக்கு வெங்காயம் உரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் டெலிபோன் ஆபரேட்டர். மாடிப்படிக்குக் கீழே, லிஃப்டை ஒட்டி ஓர் அறை. ஒரு நாற்காலி, எதிரே விளக்கு மினுக்கும் பலகை. ஜன்னலைத் திறந்தால் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துச் சுவர். கல்யாணத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தவள் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். சேர்ந்த அன்றைக்கே மேற்பார்வைக்கார அம்மாள் சொல்லிவிட்டாராம்: “கூப்பிடறவங்க அழுவாங்க, கத்துவாங்க. நீ கதை கேக்கக் கூடாது. யார் வேணும்னு கேளு, லைனைக் கொடு, அடுத்ததுக்குப் போ.”

அதில் தப்பும் இல்லை. ஒருத்தர் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தால் பின்னால் நாலு பேர் காத்துக்கிடப்பார்கள். அதனால், “எங்கப்பாவுக்குக் காலையிலேர்ந்து...” என்று ஒரு குரல் உடைய ஆரம்பிக்கும்போதே அக்கா, “இருங்க, வார்டுக்குத் தர்றேன்” என்பாள். அந்த அப்பா பிழைத்தாரா இல்லையா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது. நாள் முழுக்க ஊரார் துக்கத்தில் முதல் வரியை மட்டும் கேட்டுவிட்டு வீடு திரும்புவாள்.

“இதெல்லாம் மனசுக்குள்ள போய் உக்காந்துக்காதாக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எங்கடி உக்கார விடறேன்? உள்ள வர்றதுக்குள்ளயே அனுப்பிடறேனே,” என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

வீட்டிலும் அனுப்பிவிட்டாள், அதுதான் சிக்கல். மகள் பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டு அழுதுகொண்டு வந்தால், தலையைத் தடவி, “அப்பாகிட்டச் சொல்லு, போ.” மார்க் குறைந்தாலும் அப்பா, காதல் என்று வந்து நின்றாலும் அப்பா. மாமா அதற்கென்றே பிறந்த மனிதர். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்து கேட்பார். அக்கா சமையலறைக் கதவோரம் நிற்பாள். மகள்மேல் பாசம் இல்லாதவள் என்று நாக்கூசாமல் யாரும் சொல்லிவிட முடியாது. தலை பின்னிவிடுவாள், பிடித்ததைச் சமைத்து வைப்பாள், காய்ச்சல் வந்தால் கண்ணை மூடமாட்டாள். உட்கார்ந்து கேட்கத்தான் வராது. தினமும் செய்கிற வேலை கையோடு நின்றுவிடும் என்று நினைக்கிறோம். அது மனசையும் தன் வழிக்குப் பழக்கிவிடுகிறது.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வரும். எடுப்பது அக்காதான், மணி அடித்தால் அவள் கை சும்மா இருக்காதே. “சாப்பிட்டியா? மாப்பிள்ளை நல்லா இருக்காரா? இரு, அப்பாகிட்டத் தர்றேன்.” அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

மாமா தவறி இது இரண்டாவது வருஷம். ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் நிற்கவில்லை. ஆனால் சாப்பாட்டையும் மழையையும் விசாரித்து முடித்ததும் இரண்டு பக்கமும் பேச்சு தீர்ந்துபோகும்.

“வேற என்னம்மா?”

“வேற ஒண்ணுமில்ல.”

“அப்போ வெச்சிடவா?”

வைத்த பிறகும் அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். மகள் குரலுக்கு ஏங்கிப்போயிருந்தாள். நீயே கூப்பிட்டுப் பேசேன் என்றால், “என்னத்தைப் பேசறது? எனக்கு என்ன பேசத் தெரியும்?” என்பாள். நாளைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை போனும் நின்றுவிட்டால் இவள் என்ன ஆவாள் என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிறு. கீழ் வீட்டில்தான் நான் குடியிருக்கிறேன். அன்றைக்கு மாடிக்குப் போய் அவளோடு சேர்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, “சாப்பிட்டியா?” என்று ஆரம்பித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து “அம்மா...” என்று ஒரே ஒரு வார்த்தை, அழுகையோடு.

அக்கா பதறிப்போனாள். “இரு, இரு, அப்பாகிட்டத் தர்றேன்,” என்று சொல்லி, போனை எடுத்து மாமாவின் நாற்காலிப் பக்கம் நீட்டினாள்.

நாற்காலியில் மடித்த துணிதான் இருந்தது. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. போனைப் பிடுங்கி ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் மகள் பேசிவிட்டாள்.

“குடும்மா. எனக்கு அப்பாகிட்டதான் பேசணும். வேற ஒண்ணுமில்லம்மா, இன்னைக்கு அப்பா ஞாபகமாவே இருக்கு.”

அக்கா போனை மெல்லத் தன் பக்கம் திருப்பினாள். யாரிடமும் அதை அனுப்ப முடியாது.

“எனக்கும்டி,” என்றாள்.

இரண்டு பேரும் அழுதார்கள். அழட்டும் என்று நான் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே அக்கா பேச ஆரம்பித்தாள்.

“கீழ ஸ்கூட்டர் வந்து நிக்கற சத்தம் கேட்டா ஓடிப்போய்க் கதவைத் திறந்துடறேன். எதிர்வீட்டுக்காரர்தான். தினமும் அவர்தான். தெரிஞ்சேதான் திறக்கறேன்.”

இத்தனை நாளாகக் கீழேயே இருக்கும் எனக்கு இது தெரியாது.

“ஐயோ, அவர் என்னம்மா நெனைச்சுப்பாரு?” அழுகைக்கு நடுவே மகள் சிரித்துவிட்டாள்.

“அவரா? தினமும் ஒரு வணக்கம் வெச்சுட்டுப் போறாரு, பாவம்.” அக்காவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். “என்ன பண்ணச் சொல்றே? அப்பா வெச்சிருந்த அதே மாதிரி வண்டி, அதே சத்தம். கதவைத் திறக்கற வரைக்கும் அது உங்கப்பாதான்டி.”